குச்சி யார் கையில்?

(மாலைநேரப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இசையும் கல்வியும் மனநலமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் இசை படித்தவன் அல்ல. வங்கியில் கிளார்க். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆனாலும் பேச ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு சண்டை.

போன மாதம் நம் பாடசாலைக்குப் பத்துப் பறை வாங்குவதென்று குழு முடிவு செய்தது. பிள்ளைகள் பாடம் முடித்ததும் அரைமணி நேரம் அடித்துப் பழகட்டும், மனசு லேசாகும், படிப்பும் ஏறும் என்று பேசிக்கொண்டோம். மறுநாளே ஆறு தாய்மார்கள் வந்து தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒரு அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏன் தம்பி, எங்க மாமனாரு மோளம் அடிச்சே செத்தாரு. எங்க வூட்டுக்காரரு அத வுட்டுட்டு மெட்ராசுக்கு மூட்ட தூக்கப் போனாரு. பென்சில் புடிக்கத்தான புள்ளய ஒங்ககிட்ட அனுப்பனன்? நீங்க மறுபடியும் அந்தக் குச்சியையே கையில குடுக்கறீங்களே?"

அந்த அக்காவுக்குப் பண்பாட்டு விழிப்பு இல்லை என்று நம் தோழர்களில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது நம் அரசியலின் அடிப்படையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பத்துப் பறை என்ன, ஒரு பறைகூட வாங்கக் கூடாது. இன்றைக்கு என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

எங்க அப்பா மோளம் அடித்தவர். எங்கள் பக்கம் பறமோளம் என்போம், தெற்கே தப்பு என்கிறார்கள். ஊர்த் தெருவில் யார் செத்தாலும் எந்த நேரமானாலும் ஆள் வந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அப்பா வயசில் பாதி இருக்கிற பையன் வாசலில் நின்று 'டேய்' என்பான். போக வேண்டும். காய்ச்சல், கையில் கொப்புளம் என்றெல்லாம் சொல்ல முடியாது. பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். கூலி பேசுகிற வழக்கமே கிடையாது. கொஞ்சம் நெல், ஒரு பாட்டில் சாராயம், அவர்கள் மனசு வந்தால் சில்லறை. துண்டை ஏந்தி வாங்க வேண்டும். அடிக்கிற கைக்கு அந்தச் சாராயம் இல்லாமல் முடியாது என்று ஆனபிறகு அதுவும் ஒரு சங்கிலியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். எனக்கு நல்ல குரல். வரிசையில் போய் நின்றேன். "உனக்கெதுக்குடா பாட்டு, அதான் ஒங்கப்பன் மோளம் இருக்குதே" என்று சொன்னவர் ஒரு வாத்தியார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வாயை மூடியவன் கல்லூரி முடிக்கிறவரை பலர் முன்னால் பாடவே இல்லை. பாட்டு மட்டுமா போச்சு? எழுந்து நின்று பதில் சொல்வதும் போச்சு, தெரியாததைக் கேட்பதும் போச்சு. இசைக் கல்வி ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இசையைக் காட்டி ஒரு பிள்ளையை என்ன செய்ய முடியும் என்பதை நான் அந்த வகுப்பில் தெரிந்துகொண்டேன்.

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியபோது அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டேன். "இனிமே அத தொடக் கூடாது." அப்பா ஒன்றும் பேசவில்லை. மோளத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார்.

அந்த மறுப்பு சரியானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் எல்.இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். எத்தனையோ சேரிகளில் மோளத்தைக் கீழே போட்டதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள், வேலை மறுக்கப்பட்டிருக்கிறார்கள்.

கடலுக்கு அப்பாலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் கறுப்பின அடிமைகள் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ந்தெழுந்தார்கள், மேளம் கொட்டி ஆள் சேர்த்தார்கள். மறு ஆண்டே, 1740இல், அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது என்று வெள்ளை ஆண்டைகள் சட்டம் போட்டார்கள். அங்கே அடிக்காதே என்றார்கள், இங்கே அடி என்றார்கள். இரண்டு இடத்திலும் குச்சி நம் கையில் இருந்தது, உத்தரவு அவன் வாயில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இசை நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது யாருடைய விருப்பத்தில் நடக்கிறது என்பது.

இனி, இசை படித்தால் படிப்பு ஏறும் என்று சொல்கிறார்களே, அதைப் பார்ப்போம். இதில் நிறையப் பொய் கலந்திருக்கிறது. பொய்யைச் சொல்லி நம் தாய்மார்களைச் சம்மதிக்க வைக்கக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். உடனே வைத்த, வடிவங்களை மனசுக்குள் மடித்துப் பார்க்கிற ஒருவகைத் தேர்வில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. ஆய்வு அவ்வளவுதான். ஆனால் வியாபாரிகள் இதைக் 'குழந்தைக்கு மொசார்ட் போட்டால் அறிவாளியாகும்' என்று மாற்றினார்கள். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. ஆனால் கேசட் விற்றது, சி.டி. விற்றது, இன்றைக்குக் கைப்பேசியிலும் விற்கிறது. உயர்ந்த இசையைக் கேட்டால் மூளை உயரும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது நமக்குப் புதுசு இல்லை. உயர்ந்த சாதியின் குரலைக் கேட்டால் புண்ணியம் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதை இங்கே விற்கிறார்கள்.

கேட்பதை விடுங்கள், கற்றுக்கொண்டால்? 2004இல் கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் என்பவர் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைப் பிரித்துச் சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இசை படித்த குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று புள்ளி கூடுதல். ரொம்பச் சின்ன வித்தியாசம். நாடகம் படித்த குழந்தைகளோ மற்றவர்களோடு பழகுவதில் முன்னேறியிருந்தார்கள். 2020இல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒழுங்காக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால், இசையால் கணக்கிலோ வாசிப்பிலோ கூடுதல் மதிப்பெண் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள்.

ஆகவே பறை அடித்தால் கணக்கில் நூறு வாங்குவான் என்று எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் கணக்கு வரும்.

அப்படியானால் எதற்கு இசை? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ரவுடிக் கும்பல்கள் நிறைந்த ஏழைப் பகுதிகளின் குழந்தைகளுக்கு இலவசமாக இசை சொல்லித்தரும் திட்டம் ஒன்று உண்டு. நீனா கிராஸ் என்ற விஞ்ஞானி அந்தக் குழந்தைகளின் மூளை பேச்சொலியை எப்படி வாங்குகிறது என்று அளந்தார். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு படித்தவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. இரண்டாண்டு படித்தவர்களின் மூளை நெருக்கமான ஒலிகளைத் துல்லியமாகப் பிரித்து வாங்கியது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தேவையான திறன் இது. இரண்டு ஆண்டு என்பதைக் கவனியுங்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் அடித்துவிட்டு மூட்டை கட்டி வைக்கிற நம் பழக்கத்தால் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, கூட்டு. 2010இல் ஜெர்மனியில் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்ற இருவர் நான்கு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். ஒரு பகுதி ஜோடிகள் சேர்ந்து பாடித் தாளம் தட்டினார்கள். இன்னொரு பகுதி அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடினார்கள். பிறகு ஒரு குழந்தையின் விளையாட்டுச் சாமான் கொட்டிப் போகும்படி செய்தார்கள். பாடியவர்கள்தான் அதிகமாக ஓடிப்போய் உதவினார்கள். ஒரே தாளத்தில் உடம்பு அசைந்தால் பக்கத்தில் இருப்பவன் அந்நியன் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. தொட்டால் தீட்டு என்கிற நாட்டில் இது சின்ன விஷயமா?

மூன்றாவது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன். வெனிசுலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரே என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கென்று இசைக்குழுக்களைத் தொடங்கினார். 'எல் சிஸ்தேமா' என்று அது உலகப் புகழ் பெற்றது. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பார்த்தது. வன்முறைக்கு நடுவே வளரும் பையன்களிடம் ஆத்திரம் குறைந்ததற்கும், பொதுவாகப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் கூடியதற்கும் அதில் அடையாளம் இருந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளில் ஏழைகள் 17 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மாநிலங்களில் வறுமை 46 சதவீதத்துக்கும் மேல். ஏழைகளின் பெயரால் தொடங்கியதில் ஏழைகளே பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். நம் பாடசாலைக்கும் இது எச்சரிக்கை.

கல்வியை விட்டு மருத்துவத்துக்கு வருகிறேன். இசை மருத்துவம் என்றதும் இங்கே சில சபாக்காரர்கள் இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்தக் கொதிப்புக்கு என்று பட்டியல் போடுவார்கள். அது மருத்துவம் இல்லை, ஜோசியம். மருத்துவமாக அது வளர்ந்தது வேறு வழியில். இரண்டாம் உலகப் போரில் உடம்பும் மனசும் நொறுங்கி வந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக்கலைஞர்களை அழைத்தார்கள். இதற்குப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து 1944இல் மிச்சிகனில் பட்டப்படிப்புத் தொடங்கினார்கள். 1950இல் அதற்குத் தேசியச் சங்கம் வந்தது. 1959இல் பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்புப் பள்ளி ஆசிரியரும் மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் குழந்தையைச் சும்மா உட்காரவைத்துக் கேட்கச் சொல்லவில்லை. குழந்தை மேசையைத் தட்டினால் அந்தத் தட்டலுக்கே பியானோவில் பதில் சொன்னார்கள். குழந்தை அலறினால் அந்த அலறலின் சுருதியிலேயே பாடினார்கள். பேசாத பிள்ளை தன் சத்தத்துக்கு ஒரு பதில் வருகிறது என்று முதல்தடவையாக உணர்கிறது. நம் சத்தத்துக்குப் பதில் வராத வரலாறு நமக்கும் உண்டு. அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

2013இல் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் ஜோயன் லோவி என்பவர் ஓர் ஆய்வு செய்தார். தாய் தகப்பன் தேர்ந்தெடுத்த பாட்டையே தாலாட்டாக மாற்றி நேரில் பாடினார்கள். தாயின் நெஞ்சுத் துடிப்புப் போல ஒரு மரப்பெட்டியை மெதுவாகத் தட்டினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பு அமைதியானது. தூக்கமும் பால் உறிஞ்சுவதும் மேம்பட்டன. பெற்றவர்களின் பதற்றமும் குறைந்தது. எந்தப் பாட்டு? 'உயர்ந்த' பாட்டு இல்லை. அந்தந்த வீட்டுப் பாட்டு. நம் கிழவிகள் தூளியை ஆட்டிக்கொண்டு பாடுகிற பாட்டுக்கு அந்த மருத்துவமனைக்குள் போகிற தகுதி இருக்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றில் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் காயம்பட்டுக் கிடக்கிற கணவனைக் காக்க ஒரு பெண் மற்றப் பெண்களை அழைக்கிறாள். வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன, குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். காயத்துக்குப் பக்கத்தில் இசையை வைத்த மண் இது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்க்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த ஒன்றைச் சாவுக்கும் சேரிக்கும் மட்டும் என்று சுருக்கியது சாதி.

இனி நான் சொல்லப்போவது ஆய்வு இல்லை, எங்கள் வீட்டுக் கதை. இதைச் சொல்வதா வேண்டாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

2019இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வது புரியும், பதில் வராது. அரசு மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுத்த அந்த அம்மா, "ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டே நடக்க வையுங்க" என்றார். எண்ணினேன். அப்பா கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நாலு நாள் அப்படியே போனது. அய்ந்தாவது நாள் அந்த அம்மாவே, "அவருக்குப் புடிச்ச பாட்டு எதனா இருந்தா தாளம் போடுங்க" என்றார். நான் டிபன் பாக்சைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு சினிமாப் பாட்டுக்குத் தட்டினேன். அப்பா இல்லையென்று தலையாட்டினார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

அது சாவு அடி. பிணத்துக்கு முன்னால் நடந்துபோகும்போது அவர் முப்பது வருஷம் அடித்த அடி.

எனக்கு உடம்பு கூசியது. பத்துக் கட்டில் இருக்கிற வார்டில் இதையா தட்டுவது? அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன நினைப்பார்கள், நாம் யார் என்று தெரிந்துவிடாதா? வங்கியில் சாதி கேட்டவர்களுக்கு மழுப்பலாகப் பதில் சொன்ன அதே கூச்சம். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினேன். கால் எடுத்து வைத்தார். ஏழெட்டு அடி. தாளம் நின்றால் காலும் நின்றது. தட்டினால் நகர்ந்தது.

இதற்குப் பெயர் உண்டு என்று பிறகுதான் படித்தேன். 1990களில் அமெரிக்காவில் மைக்கேல் தௌட் என்பவர் பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளைச் சீரான தாளத்துக்கு நடக்க வைத்து, நடை சீர்படுவதைக் காட்டினார். காதில் விழுகிற தாளம் உடம்பை அசைக்கிற மூளைப் பகுதிகளைத் தட்டி எழுப்புகிறது. அடுத்த அடி எப்போது என்பது கால்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதேபோல 1973இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், பேச்சிழந்தவர்களுக்குச் சொற்களை ராகம்போட்டு இழுத்துச் சொல்லப் பழக்கும் முறையை வெளியிட்டார்கள். பேச முடியாத சிலருக்குப் பாட வருகிறது. அப்பாவுக்கும் எங்க பாட்டியின் ஒப்பாரி இழுப்பில் இரண்டு சொல் வந்தது. ஒன்று அம்மாவின் பெயர்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. தடி ஊன்றி டீக்கடைவரை நடந்தார், அவ்வளவுதான். பேச்சு முழுசாகத் திரும்பவே இல்லை. மருந்தும் பயிற்சியும் இல்லாமல் தாளம் மட்டும் எதையும் செய்திருக்காது. 2022இல் அப்பா செத்தார். அன்றைக்கு மோளம் அடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரியாது. நான்தான் பரணில் போடச் சொன்னவன். வெளியூரிலிருந்து கூலி பேசி ஒரு செட்டை வரவழைத்தேன்.

அடி என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள். உதைப்பதும் அடி. தாளமும் அடி. எடுத்துவைக்கிற காலும் அடி. அப்பா வாழ்நாள் முழுக்க முதல் பொருளில் அதை வாங்கினார். கடைசி மூன்று வருஷம் மூன்றாவது பொருளில் அதை எடுத்துவைத்தார். மோளம் மாறவில்லை. உத்தரவு இல்லாமல் போனதுதான் மாற்றம்.

அந்த அக்காவுக்கு என் பதில் இதுதான். உத்தரவுக்கு அடித்தால் பறை நோய். விரும்பி அடித்தால் மருந்து. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் நாம் பறையைத் தூக்கிக்கொண்டு ஆடினால், பண்பாட்டு மீட்பு என்ற பெயரில் பழைய நோயையே பிள்ளைக்குக் கொடுப்போம்.

பிரித்துக் காட்டியவர்கள் நம் முன்னால் இருக்கிறார்கள். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, மேட்டுக்குடி இசை நிறைந்த திருச்சபைக்குள் நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்தார். மக்கள் தாங்களே மாற்றிப் பாடக்கூடிய இசைதான் விடுதலை இசை என்பது அவர் வாதம். 2005இல் மறைந்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. தொடக்கூடாது என்று பெண்ணுக்கு விலக்கப்பட்டிருந்த வாத்தியம் அது. அந்தப் பெண்கள் தலைநிமிர்ந்து ஆடுவதை அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2018இல் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். மதுரையைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் மேடையில் பொன்னாடை போர்த்துகிற அதே நாட்டில், ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்தவனுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கேட்கிற வேலை நமக்கு இருக்கிறது.

பறையின் பாடமுறையையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். மூன்று மரத்துண்டை வளைத்துச் சேர்த்த சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல், நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, குட்டையான அடிக்குச்சி. நெருப்பில் காய்ச்சினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும். ஏன் ஏறுகிறது என்று கேட்டால் அது அறிவியல் வகுப்பு. அடியை முதலில் வாயால் சொல்லிப் பழக வேண்டும், அது நினைவுக்குப் பயிற்சி. தனக்கு முன்னால் இருப்பவன் அடியைக் கேட்டுத்தான் தன் அடியைப் போட முடியும், அது கூடி வாழப் பயிற்சி. முன்னே நின்று அடிப்பவன் தப்பினால் பின்னால் இருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். பரீட்சையில் தப்பினால் யார் தாங்குகிறார்கள்? தப்பினாலும் தொடரலாம் என்பதைப் பிள்ளை எங்காவது ஓர் இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அரசையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். அந்த ஏழில் பறை இல்லை. மிருதங்கத்துக்குத் தோல் உரித்துப் பதப்படுத்தி வார் பிடிக்கிற தலித் கைவினைஞர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தோல் நம்முடையது, உழைப்பு நம்முடையது, மேடை அவர்களுடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு ஓவியம், இசை போன்ற கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது சம்பளம் மாதம் 5,000 ரூபாய். இசையும் ஓவியமும் ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பு என்று அரசு எழுதிக்காட்டிய எண் அது.

ஒன்றை மறக்கக் கூடாது. 2016இல் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017இல் அனிதாவை இழந்தோம். அவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது பேசினால் அது அயோக்கியத்தனம். நோய் வெளியே, நிறுவனங்களில் இருக்கும்போது பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஏமாற்று. சோர்ந்துபோய், பேச்சைக் குறைத்து, தனியாக ஒதுங்குகிற பிள்ளையைக் கண்டால் பறையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் பேசுங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இசை அந்த வழியில் துணைக்கு வரும். அந்த வழிக்குப் பதிலாக வராது.

கடைசியாக, குழுவின் முன் என் யோசனைகள். பறை வாங்குவோம், நிபந்தனைகளோடு. ஊர்ச் சாவுக்கோ, கோயில் சடங்குக்கோ, அரசியல்வாதியை வரவேற்கவோ நம் பிள்ளைகள் ஒருநாளும் அடிக்க மாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்திடுவோம். விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த மாட்டோம், வேண்டாம் என்று சொல்வதும் அவர்கள் உரிமை. பெண்பிள்ளைகளுக்குச் சமமாகக் குச்சி கொடுப்போம். பறை மட்டும் போதாது, கீபோர்டும் வயலினும் வேண்டும். 'உங்களுக்குப் பறைதான்' என்று நாமே சொன்னால் என் வகுப்பில் அந்த வாத்தியார் சொன்னதற்கும் நாம் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. வாரம் ஒருநாள் நம் பாட்டிகளை அழைத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லிப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும், எழுத்துப் பயிற்சியும் ஆகும். சொல்லித்தர வருகிற கலைஞருக்கு ஆசிரியருக்கு உண்டான சம்பளம் பேசிக் கொடுப்போம், துண்டில் போடக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டு நடத்துவோம்.

வகுப்பின் முதல் பிள்ளையாக நானே சேர்கிறேன். பரணிலிருந்து அப்பா மோளத்தை இறக்கிவிட்டேன். தோல் கிழிந்திருக்கிறது, சட்டம் நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்த முடிவை நாம் மட்டும் எடுக்கக் கூடாது. போன தடவை அதுதான் தப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அந்த அக்கா இன்றைக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னது அவருக்குச் சரியாகப் படுகிறதா என்று எனக்குத் தெரியாது. அவர் வேண்டாம் என்றால் பறையைத் தள்ளிப்போடுவோம், திரும்பப் பேசுவோம். யாரையும் கேட்காமல் குச்சியைக் கையில் திணிப்பதைத்தான் இத்தனை காலம் எதிர்த்திருக்கிறோம்.

என் பேச்சு முடிந்தது. அக்கா, முன்னால வாங்க. நீங்க பேசுங்க.

ஜெய்பீம்.